பிளேடுக்கு வைத்த பொட்டு

கொரோனா எல்லாம் ஓய்ந்து, கம்பெனிகளில் மறுபடியும் குடும்பத்தோடு பூஜை போட ஆரம்பித்த சமயம். சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ஷெட்டில், ஓர் ஆயுத பூஜை காலையில் இது நடந்தது. சிநேகிதர்களிடம் எத்தனையோ முறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். சிரிக்காமல் சொல்வது இதுதான் முதல் தடவை.

எங்கள் கம்பெனி செய்வது மிக்ஸர். பெண் பார்க்கப் போனபோது, "மிக்ஸர் கம்பெனியா, அப்ப காராபூந்தியும் போடுவீங்களா?" என்று என் மாமனார் கேட்டது இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் வில்லியனூர் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர், அவர் புத்தி அங்கேதான் போகும். இது தின்கிற மிக்ஸர் இல்லை. பெயிண்ட், பசை, களிம்பு என்று பெரிய பெரிய டேங்கில் போட்டுக் கலக்கவேண்டிய சரக்கு எதுவானாலும், அந்த டேங்கும் அதற்குள் சுற்றுகிற பிளேடும் எங்கள் வேலை.

அதிலும் என் வேலை வெல்டிங் அடிப்பதோ கடைசல் பிடிப்பதோ இல்லை. எந்தச் சரக்குக்கு எந்த பிளேடு, எவ்வளவு சாய்வு, என்ன வேகம் என்று கண்டுபிடித்துச் சொல்வது. முதலில் கம்ப்யூட்டரில் டேங்கை வரைந்து, உள்ளே சரக்கு எப்படி ஓடும் என்று ஓட்டிப் பார்ப்பேன். அதை மட்டும் நம்பிவிட முடியாது. அடுத்து, கண்ணாடி மாதிரி இருக்கிற ஒரு சின்ன டேங்கில் சாயம் ஊற்றிப் பார்ப்போம். அதுவும் சரியாக வந்தால்தான் பெரிய டெஸ்ட் டேங்க். ஷெட்டின் கோடியில், ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கிற ஸ்டீல் டேங்க் அது. கஸ்டமரின் சரக்கை அதில் கொட்ட யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் பசைத்தூளைத் தண்ணீரில் கரைத்து, அதே கெட்டியில் கஞ்சி காய்ச்சின மாதிரி ஒன்றைத் தயார் செய்து ஊற்றுவோம்.

அந்த வருஷம் என்னைப் பிடித்து ஆட்டியது ஒரு களிம்பு. வலிக்குத் தடவுகிற களிம்பு. டேங்கின் நடுவில் அருமையாகச் சுற்றும். சுவரும் தரையும் சேருகிற இடத்தில் மட்டும் இம்மி அசையாது. சரக்கு சும்மா பிளேடோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கக்கூடாது என்பதற்காக, டேங்கின் உள்சுவரில் நெட்டுக்குத்தாகப் பட்டைத் தகடுகள் வைத்திருப்போம். அந்தத் தகடுகளின் காலடியில் தரையோரமாக ஒரு சந்து விழும். அங்கே போய் உட்கார்ந்த களிம்பு உட்கார்ந்ததுதான். மருந்து ஒரு டப்பாவில் கூடுதலாகவும் இன்னொரு டப்பாவில் இல்லாமலும் போய்விடும். கம்ப்யூட்டர் படத்தில் வேகமாக ஓடுகிற இடம் சிவப்பாகத் தெரியும், ஓடாத இடம் நீலமாகத் தெரியும். அந்த நீலச் சந்தை நான் மாசக்கணக்கில் முறைத்துக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போதும் அதே யோசனைதான். "என் மூஞ்சியவிட அந்த நீலத்ததான் அதிகமா பாக்குறீங்க" என்பாள் என் மனைவி. உண்மைதான், நான் மறுக்கவில்லை.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. பிளேடைச் சுற்றுகிற ஷாஃப்டின் நுனியில், தரையை ஒட்டினாற்போல இன்னொரு நீளமான பிளேடு. சுவர் வரைக்கும் வழித்துவிடும். கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன், நீலம் காணாமல் போனது. பிளேடு செய்தும் வந்துவிட்டது. பாலிஷ் போட்டு, டேங்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

முதலாளிக்கு அதைப் பார்த்ததிலிருந்து கை பரபரத்தது. "பூஜைக்கு மின்னாடி மாட்டிடுப்பா. புது பிளேடோட சாமி கும்புடலாம்" என்றார்.

"அது இல்லாம ஒருவாட்டி பெரிய டேங்குல ஓட்டி அளவு எடுத்துடறேன் சார். அப்பத்தான் மாட்டுனதால இன்னா மாறுச்சுன்னு நாளைக்குக் கஸ்டமர்கிட்ட சொல்ல முடியும்."

"கம்ப்யூட்டர்ல பாத்தாச்சு, சின்ன டேங்குல பாத்தாச்சு. உனக்கு எப்பவும் இன்னொருவாட்டி."

அவருக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்கும் பிடிவாதம் அதிகம், அளவு விஷயத்தில் யார் சொன்னாலும் கேட்கமாட்டேன். பழைய பிளேடோடு மட்டும் ஓட்டினோம், அளவு எடுத்தோம், கஞ்சியை வடித்துவிட்டு டேங்கைக் கழுவித் துடைத்தோம். புது பிளேடை லீவு முடிந்து மாட்டிக்கொள்ளலாம் என்று முடிவானது.

இங்கே எங்கள் ஷெட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டேங்குக்குள் வெறுங்காலோடுதான் இறங்குவோம், மண் ஒட்டக்கூடாது. இறங்குகிறவர் கழற்றின செருப்பையோ ஷூவையோ, சுவிட்ச் இருக்கிற பேனலுக்கு நேர் கீழே விட்டுவிட்டுப் போவார். பேனலுக்கு வருகிறவர் முதலில் தரையைப் பார்ப்பார். ஜோடி கிடந்தால் கை வைக்கமாட்டார். மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே இறங்கவேண்டும் என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதித்தான் ஒட்டியிருந்தோம். ஆனால் எழுதினதை யார் பார்த்தார்கள். செருப்பைத்தான் பார்த்தோம். வருஷக்கணக்கில் அதுவே போதுமானதாக இருந்தது.

ஆயுத பூஜையன்று ஷெட்டே கோயில் மாதிரி. எல்லாருடைய செருப்பும் கேட்டுக்கு வெளியே. அன்றைக்கு பேனலுக்குக் கீழே எந்தச் செருப்பும் இருக்காது என்பது எங்களில் ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

என் மனைவியை நான் வருஷா வருஷம் பூஜைக்குக் கூப்பிடுவேன். பொரி கடலை வியாபாரம் தலைக்குமேல் கிடக்கு என்று அப்பா கடைக்கு ஓடிவிடுவாள். அந்த வருஷம் மட்டும், "நீங்க மாசக்கணக்கா கட்டிக்கிட்டு அழுத மெஷினு எப்படித்தான் இருக்குன்னு பாத்துடறேன்" என்று கிளம்பினாள். அரக்குப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. நான் வேட்டி. எனக்கு வேட்டி இடுப்பில் நிற்காது என்பதால் வெல்க்ரோ வைத்து ஒட்டுகிற வேட்டிதான் எப்போதும். பத்துக்கண்ணு ஊர் தாண்டுகிற வரைக்கும் வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லியே ஓட்டிக்கொண்டு வந்தாள். "ஒரு வேட்டி கட்டத் தெரியாத ஆளுக்கு என்னைக் குடுத்திருக்காரு எங்கப்பா." ரோட்டில் போன டாட்டா ஏஸ் எல்லாம் வாழைக்கன்றும் சந்தனப் பொட்டுமாகப் போய்க்கொண்டிருந்தது. அவளோடு அவ்வளவு சந்தோஷமாக நான் கம்பெனிக்குப் போனது அதற்கு முன்னால் இல்லை.

ஷெட்டில் கரும்பு, மாவிலை, ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு. லேத், டிரில்லிங் மெஷின், வெல்டிங் செட், என் கம்ப்யூட்டர் வரைக்கும் பொட்டு வைத்தாயிற்று. டெஸ்ட் டேங்குக்கு மோட்டாரிலும் பேனலிலும் வைத்திருந்தார்கள். எனக்கு அது போதவில்லை. களிம்பைத் தொடுவது பிளேடு, என்னை மாசக்கணக்கில் படுத்தியதும் பிளேடு. வேலை செய்கிற அதற்குப் பொட்டு இல்லாமல் மோட்டாருக்கு மட்டும் வைத்தால் எப்படி என்று தோன்றியது. எனக்குப் பக்தி அவ்வளவு கிடையாது, ஆனால் அன்றைக்கு அப்படித் தோன்றிவிட்டது. குங்குமமும் சந்தனமும் இருந்த எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டேன்.

ஆள் நுழைகிற வாசல் டேங்கின் பின்பக்கம், ஷெட் சுவரைப் பார்த்தாற்போல, முழங்கால் உயரத்தில் இருக்கும். அங்கே எங்கள் ஃபிட்டர் நின்றுகொண்டிருந்தார். "உள்ள போயி பொட்டு வச்சிட்டு வந்துடறேன்" என்றேன். "போங்க சார், நான் இங்கியேதான் நிக்கறேன்" என்றார். மெஷின்களுக்கான மெயின் அணைத்திருந்தது, எனக்குத் தெரியும். நான் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் கேட்டிலிருந்து யாரோ பூசணிக்காய் எங்கே என்று கத்த, இதோ வந்துவிடலாம் என்று அவர் போயிருக்கிறார். அவரைக் குறை சொல்லமாட்டேன். பூட்டைப் போட்டுவிட்டு இறங்கியிருக்கவேண்டியது நான்.

உள்ளே வாசல் வழியாக வருகிற வெளிச்சம் மட்டும்தான். பாட்டு எங்கேயோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருந்தது. நான் திரையில் மட்டுமே பார்த்துப் பழகின இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பிளேடாகத் துடைத்து, சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். உட்கார்ந்த நிலையில் பிளேடு என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. நம்ம கையால் வந்தது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதைத் தடவிக்கூடக் கொடுத்தேன்.

வெளியில் நடந்ததை எனக்குப் பிறகு சொன்னார்கள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று அவசரம். கற்பூரம் காட்டின கையோடு ஒவ்வொரு மெஷினையும் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துவது எங்கள் பழக்கம், அதற்காக மெயினைப் போட்டுவிட்டார்கள். லேத் ஓடியது, டிரில்லிங் ஓடியது. டெஸ்ட் டேங்குக்கு வந்ததும் முதலாளி என்னைத் தேடியிருக்கிறார். தேங்காய் உடைக்கிற இடத்தில் இருப்பார் என்று யாரோ சொன்னார்கள். முதலாளி பேனலுக்குக் கீழே பார்க்கவும் செய்தார். தரை காலியாக இருந்தது. அப்புறம்தான் என் மனைவியைக் கூப்பிட்டார்.

"இது உன் வூட்டுக்காரன் செஞ்ச மெஷினு. நீயே உன் கையால போடும்மா."

"அவரு வந்துடட்டுமே சார்."

"நல்ல நேரம் போவுதும்மா. அவன் தெனம் போடறவன்தான்."

எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூச்சத்தோடு முன்னால் வந்து, பேனலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பச்சை பட்டனை அழுத்தினாள்.

அந்த மோட்டார் சத்தத்தை நான் கணக்கில்லாமல் கேட்டிருக்கிறேன், ஆனால் எப்போதும் வெளியிலிருந்து. உள்ளே அது காலுக்கடியில் இருந்து வந்தது. ஒரு கணம் அது என்ன என்றே புரியவில்லை. என் கண்ணெதிரே நான் வைத்த பொட்டு மெதுவாக நகர்ந்து போவதைப் பார்த்தேன். எங்கள் பேனல் எடுத்த எடுப்பில் வேகம் பிடிக்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றும். கெட்டிச் சரக்கில் கியர்பாக்ஸ் உடையக்கூடாது என்று நான்தான் அப்படி வைத்திருந்தேன். அந்தக் கொஞ்ச அவகாசம்தான் எனக்குக் கிடைத்தது. யோசித்தேன் என்று சொன்னால் பொய். உடம்பு தானாகச் சாய்ந்து, சுவரும் தரையும் சேருகிற சந்தில், அந்தப் பட்டைத் தகட்டின் காலடியில் போய் ஒட்டிக்கொண்டது. மாசக்கணக்கில் நீலமாகப் பார்த்த அதே இடம். டேங்க் காலி, சரக்கு இல்லை, அதனால் சிவப்பும் நீலமும் அங்கே ஒன்றும் இல்லை. இருந்தாலும் அசையாத இடம் எது என்று என் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

வேட்டி மட்டும் வரவில்லை. அதன் ஓரம் எப்படியோ பிளேடில் மாட்டி, ஷாஃப்டில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. இடுப்போடு என்னைத் தரையிலிருந்து இழுத்தது. பிடித்துக்கொள்ள அந்த வழவழ ஸ்டீலில் ஒன்றும் இல்லை. ஒரு முழம் இழுபட்டிருப்பேன். அப்புறம் டர்ர்ரென்று வெல்க்ரோ பிரிந்து வேட்டி போய்விட்டது. சாதாரணமாக இறுக்கிச் செருகிக் கட்டுகிற வேட்டியாக இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. தவழ்ந்து மறுபடியும் சந்துக்குப் போனேன். பிளேடு வேகமெடுத்து, மேலே காற்று அடித்தது. வாசல் எதிர்ப்பக்கம். அதில் ஏறி வெளியே போகவேண்டுமானால் உடம்பைத் தூக்கவேண்டும். தூக்கினால் பிளேடு.

கத்தினேன். ஸ்பீக்கர் பாட்டிலும் கியர் சத்தத்திலும் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்போது சாமி ஞாபகம் வந்தது என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வரவில்லை. ஞாபகம் வந்தது வெளியே சாய்த்து வைத்திருக்கிற புது பிளேடு. முதலாளி சொன்னபடி அதை மாட்டியிருந்தால், இப்போது நான் படுத்திருக்கிற சந்தைத்தான் அது வழிக்கும். இந்தச் சந்தில் ஒன்றும் தங்கக்கூடாது என்பதற்காகவே நான் வரைந்த பிளேடு. கையில் தட்டு இன்னும் இருந்தது. அதால் சுவரில் அடிக்க ஆரம்பித்தேன். கை ஓயாமல் அடித்தேன்.

வெளியில் கூட்டம் ஆரத்தித் தட்டோடு அடுத்த மெஷினுக்கு நகர்ந்துவிட்டது. என் மனைவி மட்டும் நகரவில்லை. புருஷன் செய்த மெஷின் என்று, டேங்கைத் தொட்டுக் கும்பிட உள்ளங்கையை அதன்மேல் வைத்திருக்கிறாள். ஓடுகிற மெஷின் அதிரும் என்பது அவளுக்கும் தெரியும். அந்த அதிர்வுக்கு நடுவே வேறு ஏதோ கையில் தட்டியிருக்கிறது. "மெஷினு ஒரே மாதிரிதானே தட்டும். அது அப்படித் தட்டலைங்க, ஆளு தட்டுற மாதிரி இருந்துச்சு" என்று பிற்பாடு சொன்னாள். யாரையும் கேட்கவில்லை. ஓடிப்போய்ச் சிவப்பு பட்டனை அடித்தாள்.

பிளேடு நின்ற பிறகும் நான் நகரவில்லை. நின்றுவிட்டது என்று நம்ப முடியவில்லை. வாசலில் வெளிச்சம் மறைந்தது. அவள் தலை தெரிந்தது. இங்கேதான் நான் எல்லாரிடமும் கதையை முடித்துவிடுவது வழக்கம். அவள் பார்த்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் கண்ணுக்கு முதலில் தெரிந்தது நான் இல்லை. ஷாஃப்டில் முறுக்கி முறுக்கிச் சுற்றியிருந்த என் வேட்டி. அதற்குக் கீழே, ஸ்டீல் தரை முழுக்கச் சிவப்பு. தட்டில் இருந்த குங்குமம் மொத்தமும் கொட்டி, பிளேடு அடித்த காற்றில் பறந்து, சந்தன ஈரத்திலும் வியர்வையிலும் குழைந்து, தரையிலும் சுவரிலும் என் மேலும் அப்பியிருந்தது. அவள் கத்தவில்லை. பட்டுப்புடவையோடு அந்த வாசலில் நுழைந்து, முட்டிபோட்டு என்னிடம் வந்தாள். என் கையைத் தொட்டுப் பார்த்தாள், காலைத் தொட்டுப் பார்த்தாள். அவள் குரல் சாதாரணமாகவே இருந்தது.

"கை காலெல்லாம் இருக்குதாங்க?"

"இருக்குமா. குங்குமம்தான். எனக்கு ஒண்ணும் ஆவல."

சிவந்த தன் விரலை முகர்ந்து பார்த்தாள். அப்புறம்தான் மூச்சு விட்டாள்.

வெளியே கொண்டுவந்து, யாரோ கொடுத்த துண்டைக் கட்டி உட்காரவைத்தார்கள். இடுப்பில் வரிவரியாகக் கன்றிப்போன காயம், முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஃபிட்டர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். முதலாளி பேனலுக்குக் கீழே வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். என் மனைவியைப் பார்த்துக் கும்பிட்டார். கூடியிருந்தவர்கள் சாமி காப்பாத்துச்சு என்றார்கள், கட்டின தாலி பாக்கியம் என்றார்கள். வண்டியில் திரும்பி வரும்போது, வில்லியனூர் வருகிற வரைக்கும் அவள் என் சட்டையைப் பின்னால் கொத்தாகப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

நான் சீக்கிரம் தேறிவிட்டேன். தேறியது மட்டுமில்லை, அதை ஒரு கதையாக்கி ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். நான் ஒழிக்கப் பார்த்த சந்தே என்னைக் காப்பாத்துச்சு, வெல்க்ரோ வேட்டிக்குத்தான் ஒரு பூஜை போடணும் என்றெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். கேட்பவர்களும் சிரிப்பார்கள். அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். அதை நான் கவனிக்கவில்லை.

வீட்டில் சட்னி நின்றுபோயிருந்தது. இட்லிக்குப் பொடி, தோசைக்குப் பொடி. ஒரு நாள் சர்க்கரை. எனக்கு இதெல்லாம் மெதுவாகத்தான் உறைக்கும். ஒரு காலை, "இன்னா, வூட்ல தேங்காய் இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே சமையல்கட்டுக்குப் போனேன். மிக்ஸி ஜாரில் தேங்காய், பச்சைமிளகாய், பொட்டுக்கடலை எல்லாம் போட்டு மூடி வைத்திருந்தது. அவள் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கை சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்தது, அழுத்தவில்லை. எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாளோ தெரியாது. என்னைப் பார்த்ததும் கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"முடியலைங்க. போட்டா உள்ள நீங்க இருக்கற மாதிரியே இருக்கு."

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. டேங்குக்குள் போன நான் அன்றைக்கே வெளியே வந்துவிட்டேன். அவள் இன்னும் அந்த பேனலுக்கு முன்னால் நிற்கிறாள். நான் அந்தப் பச்சை பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை அவளிடம் கேட்டதில்லை, என் வீரப் பிரதாபத்தை அவள் காதுபடச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு மிக்ஸியை நான் போட்டேன். அதற்கப்புறம் ரொம்ப நாள் நான்தான் போட்டேன்.

கம்பெனியிலும் மாறியது. பூட்டும் சாவியும் வந்தது, செருப்பை நம்புவது நின்றது. அதோடு, ஆள் நுழைகிற வாசல் திறந்திருந்தால் பச்சை பட்டனை அழுத்தினாலும் மோட்டார் ஓடாத மாதிரி வாசல் மூடியில் ஒரு சுவிட்ச் வைத்தேன். புது பிளேடையும் மாட்டினோம். பெரிய டேங்கிலும் அந்தச் சந்தில் ஒன்றும் தங்கவில்லை. கஸ்டமர் வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார். நீலம் இல்லாத அந்தப் படத்தைப் பார்த்தபோது, நான் படுத்திருந்த இடத்தைத்தான் தேடினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, அவளை ஷெட்டுக்கு அழைத்துப் போனேன். வரமாட்டேன் என்று அழுதாள். கெஞ்சித்தான் கூட்டிப் போனேன். டேங்கின் பின்பக்கம் கூட்டிப்போய், வாசலை அவள் கையாலேயே திறக்கவைத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்க்கச் சொன்னேன். வாசலை மூடாமல் அப்படியே விட்டுவிட்டுப் பேனலுக்கு வந்து, அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இப்ப போடு" என்றேன்.

"நீங்களே போடுங்க."

"நான் போட்டா எனக்குத்தான் தெரியும். நீ போடு."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அழுத்தினாள். ஒன்றும் ஓடவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், மறுபடியும் அழுத்தினாள். ஓடவில்லை. திரும்பத் திரும்ப, கோபமாக அழுத்திக்கொண்டே இருந்தாள். அந்த ஷெட்டில் நான் செய்த சோதனைகள் எல்லாம் மெஷின் ஓடுகிறதா என்று பார்க்கத்தான். ஓடவில்லை என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

கையை எடுத்துவிட்டு, "அன்னிக்கும் இப்படி ஓடாம இருந்திருக்கலாம் இல்ல?" என்றாள்.

இருந்திருக்கலாம்தான். அந்தச் சுவிட்ச் ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை, எந்த எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும். களிம்பு எங்கே தங்கும் என்று அத்தனை மாசம் கணக்குப் போட்ட நான், அதற்குள் ஒரு மனுஷன் இருந்தால் என்று ஒரு நிமிஷம்கூடக் கணக்குப் போட்டதில்லை. அதை அவளிடம் அங்கேயே சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள், திட்டவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் அவளே மிக்ஸியைப் போட்டாள். ஆனால் இன்றுவரைக்கும், போடுவதற்கு முன்னால் ஒரு குரல் கொடுப்பாள். "ஏங்க, எங்க இருக்கீங்க?" நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தாலும், வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாலும், "இங்கதான் இருக்கேன்" என்று சொல்வேன். அப்புறம்தான் சட்னி அரைபடும். கஸ்டமர் இடத்தில் மெஷினை மாட்டிக் கொடுக்க நான் வெளியூர் போயிருந்தால், காலையில் போன் வரும், அதே கேள்வி, அதே பதில். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். நான் எங்கே இருக்கிறேன் என்று என் வாயால் கேட்ட பிறகுதான் ஒருத்தி சுவிட்சில் கை வைக்கிறாள், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒவ்வொரு காலையும் நான் இருக்கிறேன் என்பதைவிடப் பெரிதாக எனக்கு இப்போதெல்லாம் எதுவும் தோன்றுவதில்லை.